கண்ணுக்குத் தெரியாத காயம்



2004-ஆம் ஆண்டில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சியைக் கூறி என் பேச்சைத் தொடங்க விரும்புகிறேன். அப்பொழுது நான் ஓர் உயர்நிலைப் பள்ளியில் உதவித் தலைமையாசிரியனாகப் பணியாற்றிக்கொண்டிருந்தேன். ஒரு நாள், காலை மணி அடிப்பதற்குச் சற்று முன்னர், ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் பள்ளி வாயிலில் மிதிவண்டியோடு சறுக்கி விழுந்துவிட்டான். வண்டிக் கைப்பிடியின் முனை அவனுடைய இடப்பக்க விலாவின் கீழே பலமாக இடித்தது. பையன் எழுந்தான், உடையில் படிந்த புழுதியைத் தட்டிக்கொண்டான், வகுப்பிற்குச் சென்று அமர்ந்துவிட்டான். மேனியில் ஒரு கீறல்கூட இல்லை.

இரண்டாம் பாடவேளையில் அவன் என்னிடம் வந்து, "ஐயா, இடது தோள் வலிக்கிறது" என்றான். தோளைத் தொட்டுப் பார்த்தேன், வீக்கம் இல்லை. கையை உயர்த்தச் சொன்னேன், தடையின்றி உயர்த்தினான். "விழுந்ததில் சுளுக்கியிருக்கும், வீட்டிற்குப் போனதும் தைலம் தடவிக்கொள்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். நண்பகலில் அவன் முகம் வெளுத்துவிட்டது. நெற்றியில் குளிர்ந்த வியர்வை அரும்பியது. நாடி மிக விரைவாக ஓடிற்று. எங்கள் உடற்பயிற்சி ஆசிரியர் அவனைக் கண்டதும், "இது தோள் வலியன்று, உடனே மருத்துவமனைக்குப் புறப்படுவோம்" என்றார். வாடகைக் கார் ஒன்றில் அவனைப் படுக்க வைத்து நகரத்துப் பெரிய மருத்துவமனைக்கு விரைந்தோம்.

மண்ணீரல் கிழிந்து, வயிற்றறைக்குள் இரத்தம் கசிந்திருப்பதாக மருத்துவர் படமெடுத்துப் பார்த்துக் கூறினார். பதறி வந்த தந்தையார், "உடனே அறுவை செய்து அதை எடுத்துவிடுங்கள், ஐயா, என் பிள்ளை பிழைத்தால் போதும்" என்று கைகூப்பினார். மருத்துவரோ, "இரத்த அழுத்தம் நிலையாக இருக்கிறது. கத்தியை எடுக்க வேண்டாம். இரவு பகலாகக் கண்காணித்துக் காத்திருப்போம்" என்றார். எனக்கு வியப்பும் அச்சமும் ஒருங்கே எழுந்தன. உள்ளே இரத்தம் கசிகிறது என்கிறார். ஆனால் அறுக்க வேண்டாம் என்கிறார்! இஃது என்ன மருத்துவம்? காலையில் அந்தக் காயத்தை அற்பமென எண்ணியது என் முதற் பிழை. மாலையில் அம் மருத்துவரை ஐயுற்றது என் இரண்டாம் பிழை. அந்த இரு பிழைகளே, மண்ணீரற் காயத்தின் வரலாற்றைத் தேடிப் படிக்குமாறு என்னைத் தூண்டின. அவ் வரலாற்றையே இன்று உங்களுக்குச் சொல்ல வந்திருக்கிறேன்.

மண்ணீரல் எங்கே இருக்கிறது? வயிற்றின் இடப்பக்க மேற்பகுதியில், இரைப்பைக்குப் பின்னால், ஒன்பதாம் விலா எலும்பு முதல் பதினொன்றாம் விலா எலும்பு வரையிலான பகுதிக்கு உட்புறமாக அஃது ஒதுங்கிக் கிடக்கிறது. வளர்ந்த மனிதனிடம் அது மூடிய கைப்பிடியளவு இருக்கும். எடை ஏறத்தாழ 150 கிராம். கருஞ்சிவப்பு நிறமும், எளிதில் கிழியும் மென்மையும் உடையது. மெல்லியதோர் உறை அதனைப் போர்த்தியிருக்கிறது. அளவில் சிறியதாயினும் அதனுள் பாயும் இரத்தம் மிகுதி. எனவே, வயிற்றிலோ விலாவிலோ மொட்டையான ஒரு பொருள் பலமாக மோதினால், தோல் கிழியாமலேயே உள்ளே மண்ணீரல் கிழிந்துவிடக்கூடும். கத்திக்குத்து தன்னைத் தானே காட்டிக்கொள்ளும். இக் காயமோ தன்னை மறைத்துக்கொள்ளும். இதன் கொடுமை முழுவதும் இம் மறைவிலேதான் இருக்கிறது.

இவ்வுறுப்பின் பயன் யாது என்பது நெடுங்காலம் விளங்கவில்லை. முதலாம் நூற்றாண்டில் உரோம நாட்டில் வாழ்ந்த பிளினி, மண்ணீரல் ஓட்டத்திற்கு இடையூறு செய்வது என்றும், சிரிப்பிற்கும் அதற்கும் தொடர்பு உண்டு என்றும் எழுதிவைத்தார். இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த பெரு மருத்துவர் காலென், கரும்பித்தம் என்னும் நீரை இரத்தத்திலிருந்து ஈர்த்துக்கொள்வது மண்ணீரலே எனக் கருதினார். கரும்பித்தம் மிகுந்தால் மனச்சோர்வு உண்டாகும் என்பது அக்கால நம்பிக்கை. இக்கருத்து ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக ஐரோப்பிய மருத்துவத்தில் ஆட்சி செலுத்தியது. பிற்காலத்தில் உடலை அறுத்து ஆராயத் தொடங்கிய அறிஞர்கள், மண்ணீரல் அகற்றப்பட்ட விலங்குகள் செத்துவிடாமல் உயிர்வாழ்வதைக் கண்டனர். "இல்லாமலும் வாழ முடியும்" என்ற இந்த உண்மையிலிருந்து, "இருப்பதால் பயனில்லை" என்ற தவறான முடிவிற்குப் பலர் தாவிவிட்டனர். மாணவர்களே, இவ்விரு கூற்றுகளும் ஒன்றல்ல என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தத் தாவலுக்கு எத்தனை உயிர்கள் விலையாயின என்பதைப் பின்னர்க் காண்போம்.

அதற்கு முன், இவ் வரலாற்றில் நம் நாட்டிற்குரிய துயரமான ஓர் அத்தியாயம் உண்டு. மலேரியா என்னும் முறைக்காய்ச்சல் திரும்பத் திரும்ப வரும்போது மண்ணீரல் பன்மடங்கு வீங்கிவிடும். விலா எலும்புகளின் காவலை விட்டுக் கீழிறங்கி, சிலரிடம் தொப்புள்வரை நீண்டுவிடும். 1840-களில், வட இந்தியக் கால்வாய்ப் பகுதிகளில் காய்ச்சலின் கடுமையை ஆராய்ந்த டெம்ப்ஸ்டர் என்னும் இராணுவ மருத்துவர், ஊர் மக்களுள் எத்தனை பேருக்கு மண்ணீரல் வீங்கியிருக்கிறது என்று கையால் தடவிப் பார்த்துக் கணக்கெடுத்தார். அதனை அவ்வூரின் நோய்க்கு அளவுகோலாகக் கொண்டார். கொசுவினால் மலேரியா பரவும் உண்மையை 1897-இல் ரொனால்டு ராஸ் செகந்திராபாத்தில் கண்டறிவதற்கு அரை நூற்றாண்டுக்கு முற்பட்ட செய்தி இது. இவ்வாறு வீங்கிப்போன மண்ணீரலின் உறை இறுகி நிற்கும். நலமுள்ளவனுக்கு ஒன்றும் செய்யாத ஓர் அடி, அத்தகையவனுடைய மண்ணீரலை வெடிக்கச் செய்துவிடும்.

1876-ஆம் ஆண்டில் ஆக்ராவில் இந்த உண்மை நீதிமன்றத்திற்கு வந்தது. புல்லர் என்னும் ஆங்கிலேய வழக்கறிஞர், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் குடும்பத்தோடு தேவாலயத்திற்குப் புறப்பட்டார். வண்டி ஆயத்தமாகும் வேளையில் பணியாளர் ஆயத்தமாக இல்லை என்று சினங்கொண்டு, தம் குதிரைக்காரரின் முகத்தில் அறைந்து, மயிரைப் பிடித்து இழுத்தார். குதிரைக்காரர் கீழே விழுந்தார், பிறகு எழுந்து அருகிலிருந்த மற்றொரு வளாகத்திற்குள் சென்றார், அங்கேயே இறந்துபோனார். வீங்கிய மண்ணீரல் வெடித்ததே சாவுக்குக் காரணம் என்றும், சிறு அடியோ வீழ்ச்சியோகூட அதற்குப் போதுமானது என்றும் மருத்துவர் சான்று பகர்ந்தார். ஆங்கிலேய நடுவர் வழங்கிய தண்டனை எவ்வளவு தெரியுமா? அபராதம் 30 ரூபாய்!

அப்பொழுது இந்தியாவின் அரசப் பிரதிநிதியாயிருந்த லிட்டன் பிரபு அத் தீர்ப்பைக் கண்டு கொதித்தார். தண்டனை போதாதது என்று எழுத்து மூலமாகக் கண்டித்தார். அதற்காக, இந்தியாவிலிருந்த ஆங்கிலேயரின் செய்தித்தாள்கள் அவர்மீதே பாய்ந்தன. இவ் வழக்கு தனித்ததொன்றன்று. விசிறி இழுப்போரும், கூலிகளும், ஏவலரும் வெள்ளைத் துரைமாரின் அடிக்கும் உதைக்கும் ஆளாகி இறந்தபோது, "மண்ணீரல் வீங்கியிருந்தது" என்ற சொல் நீதிமன்றங்களில் மீண்டும் மீண்டும் ஒலித்தது. மருத்துவர் கூறியது பொய்யன்று. ஆயினும், மெய்யான ஓர் அறிவு அடித்தவனுக்குக் கேடயமாகவும் அடிபட்டவனுக்கு அநீதியாகவும் ஆக்கப்பட்டது. இத்தனைக்கும், 1860-இல் இயற்றப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டம் ஒன்றைத் தெளிவாகச் சொல்லியிருந்தது: நோயுற்ற ஒருவனுக்கு உடற்காயம் விளைவித்து அவன் சாவை விரைவுபடுத்துபவன், அச் சாவை விளைவித்தவனாகவே கருதப்படுவான். அச்சட்டத்திற்குப் பதிலாக 2024 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் இக்கருத்து இடம்பெற்றிருக்கிறது. நோயுற்றவன் என்பதற்காக ஒருவனுடைய உயிரின் மதிப்புக் குறைந்துவிடாது என்பதே இதன் பொருள்.

இனி மருத்துவத்தின் பக்கம் திரும்புவோம். ஆக்ராவில் அக் குதிரைக்காரர் இறந்த நாளில், எந்த நாட்டு மருத்துவராலும் அவரைக் காப்பாற்றியிருக்க இயலாது என்றே சொல்லவேண்டும். ஏனெனில், வயிற்றைத் திறந்து மண்ணீரலை எடுக்கும் கலை அப்பொழுதுதான் தவழத் தொடங்கியிருந்தது. 1826-இல் செருமனியின் ரோஸ்டாக் நகரில் குவிட்டன்பாம் என்பவர், வீங்கிய மண்ணீரலை ஒரு பெண்ணிடமிருந்து அகற்றினார். அப்பெண் சில மணி நேரத்தில் இறந்துவிட்டாள். 1846-இல் பாஸ்டனில் ஈதர் மயக்க மருந்து வெளிப்படையாகக் காட்டப்பட்டது. 1867-இல் லிஸ்டர் தம் கிருமிநீக்கு முறையை வெளியிட்டார். அதே 1867-இல் பாரிசில் பெயான் என்னும் அறுவை மருத்துவர், இருபது வயதுப் பெண்ணொருத்தியின் நோயுற்ற மண்ணீரலை எடுத்து, அவளை உயிரோடு வீட்டிற்கு அனுப்பினார். நோய்க்காக எடுப்பது இவ்வாறு கைகூடியது. அடிபட்டு வெடித்த மண்ணீரலை விரைந்து எடுத்து உயிர் காப்பதோ இன்னும் கடினமாயிருந்தது. அவ் வெற்றி பிரெஸ்லாவ் நகரத்து ரீக்னருக்குக் கிட்டியது. உயரத்திலிருந்து விழுந்த 14 வயதுச் சிறுவன் ஒருவனின் கிழிந்த மண்ணீரலை அகற்றி அவனைப் பிழைக்கச் செய்த செய்தியை அவர் 1893-இல் வெளியிட்டார். அந்நகரம் இன்று போலந்து நாட்டில் விராட்ஸ்வாஃப் என்ற பெயரோடு விளங்குகிறது.

அறுவைக்கு வழி பிறந்ததும், "உள்ளே கிழிந்திருப்பதை வெளியிலிருந்து எவ்வாறு அறிவது?" என்ற வினா எழுந்தது. மருத்துவர்களுக்குக் கண்ணும் காதும் விரலுமே அக்காலத்துக் கருவிகள். இங்கிலாந்தைச் சேர்ந்த பாலன்ஸ், நோயாளியின் வயிற்றை விரலால் தட்டிக் கேட்டார். வலப்பக்கத்தில் தோன்றும் மந்தமான ஒலி நோயாளியைப் புரட்டினால் இடம் மாறியது. இடப்பக்கத்து மந்த ஒலி இடம் மாறாமல் நின்றது. வலப்புறத்தில் இருப்பது ஓடும் இரத்தம். இடப்புறத்தில் இருப்பது மண்ணீரலைச் சுற்றி உறைந்துவிட்ட இரத்தம் என அவர் உய்த்துணர்ந்தார்.

செருமானிய அறுவை மருத்துவர் கேர் என்பாரின் பெயரால் மற்றோர் அறிகுறி வழங்குகிறது. அஃது இடது தோள்முனையில் உண்டாகும் வலி. வயிற்றில் காயம், தோளில் வலி! கசிந்த இரத்தம் உதரவிதானத்தின் அடிப்புறத்தை உறுத்துகிறது. உதரவிதானத்திற்குச் செல்லும் நரம்பு கழுத்துப் பகுதியில் தோன்றுவது. தோளின் தோலுக்கு உணர்ச்சி தரும் நரம்புகளும் அப் பகுதியிலிருந்தே புறப்படுகின்றன. எனவே மூளை இடம் அறியாது மயங்கி, வலி தோளிலிருந்து வருவதாக எண்ணிவிடுகிறது. இதனைப் படித்த இரவில் நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு வெகுநேரம் உறங்காதிருந்தேன். என் மாணவன் எனக்குச் சரியான செய்தியைத்தான் சொன்னான். அதைப் படிக்கும் எழுத்தறிவு எனக்கு இல்லாமற் போயிற்று.

இன்னொரு வஞ்சகமும் இக் காயத்திற்கு உண்டு. சிலருக்கு முதலில் கசியும் இரத்தம் உறைக்குள்ளேயே தங்கிவிடும். அவர்கள் எழுந்து நடமாடுவார்கள், உண்பார்கள், நலமாயிருப்பதாகவே தோன்றும். இரண்டு நாளோ, ஒரு வாரமோ, அதற்கு மேலோ சென்றபின் உறை வெடித்து இரத்தம் பெருகும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதனை விளக்கிய பிரெஞ்சு மருத்துவர் போதே என்பாரின் பெயரால் அந்த மறைகாலம் இன்றும் சுட்டப்படுகிறது.

இத்தகைய அச்சங்களுக்கிடையே வாழ்ந்த அறுவை மருத்துவர்கள், ஐயம் தோன்றினால் வயிற்றைத் திறப்பதும், கிழிந்திருந்தால் மண்ணீரலை முழுவதும் எடுப்பதுமே அறம் எனக் கொண்டதில் வியப்பில்லை. சுவிட்சர்லாந்தின் புகழ்பெற்ற கோக்கர், காயமுற்ற மண்ணீரலை அகற்றிவிட வேண்டும் என்றும், அதனால் எத்தீங்கும் விளையாது என்றும் கற்பித்தார். இதில் ஒரு விந்தை உண்டு. கேடயச் சுரப்பியை முழுவதும் அகற்றினால் நோயாளியின் உடலும் அறிவும் மந்தமாகின்றன என்று 1883-இல் தம் நோயாளிகளைத் தேடிப் பார்த்து உணர்ந்து, அம்முறையைக் கைவிட்டவர் அதே கோக்கர்தான். அச் சுரப்பியைப் பற்றிய ஆராய்ச்சிக்காகவே 1909-இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. ஓர் உறுப்பைப் பற்றித் தம் தவற்றைத் தாமே கண்ட பேரறிஞர், மற்றோர் உறுப்பைப் பற்றித் தவற்றைக் காணாமல் விட்டார். ஏனெனில், மண்ணீரலை இழந்தவன் அடுத்த நாளோ அடுத்த ஆண்டோ துன்புறுவதில்லை. தீங்கு தாமதமாக வந்தது. வந்தபோது வேறொரு நோயின் பெயரோடு வந்தது.

1919-இல் அமெரிக்காவில் மாரிஸ், புல்லக் என்னும் இருவர், மண்ணீரல் இழந்த எலிகள் நோய்த்தொற்றுக்கு எளிதில் இரையாவதைக் காட்டி எச்சரித்தனர். அவ் எச்சரிக்கைக்குச் செவிசாய்ப்பார் அதிகமில்லை. 1952-இல் கிங், ஷூமேக்கர் என்னும் அமெரிக்க அறுவை மருத்துவர்கள், இரத்த நோய் காரணமாக மண்ணீரல் அகற்றப்பட்ட ஐந்து கைக்குழந்தைகளைப் பற்றி எழுதினர். ஐந்து குழந்தைகளும் கடுந்தொற்றுக்கு ஆளாயின, இரண்டு இறந்தன. தம் கையால் அறுவை பெற்ற குழந்தைகளுக்கு நேர்ந்ததை மறைக்காமல் எழுதிய அந்த நேர்மையே மருத்துவ உலகைத் திடுக்கிடச் செய்தது. 1973-இல் சிங்கர் என்பவர், மண்ணீரல் இழந்த 2,795 பேரைப் பற்றிய செய்திகளைத் தொகுத்து ஆராய்ந்தார். விபத்தினால் மண்ணீரலை இழந்தவர்களிடையேயும் 1,000-க்கு ஏறத்தாழ 6 பேர் கடுந்தொற்றினால் இறந்திருந்தனர். பொதுமக்களிடையே அத்தகைய சாவு 10,000-க்கு 1 என்று அவர் கணக்கிட்டார். காலையில் இலேசான காய்ச்சலாகத் தொடங்கும் அத்தொற்று, ஓரிரு நாட்களில், சில வேளைகளில் சில மணி நேரங்களிலேயே உயிரைக் குடித்துவிடும்.

இதன் காரணம் இப்பொழுது நன்கு விளங்கிவிட்டது. மண்ணீரல் ஒரு வடிகட்டி. முதுமையடைந்த செங்குருதி அணுக்களை அது கழிக்கிறது. அத்துடன், நிமோகாக்கஸ் போன்ற உறையணிந்த கிருமிகள் இரத்தத்தில் நுழைந்தால், அவற்றைப் பிடித்து அழிப்பதில் அதற்கு நிகர் இல்லை. பயனில்லாதது என்று எறியப்பட்டது, ஓசையின்றி வேலை செய்த ஒரு காவலாளி!

அறுக்காவிட்டால் இரத்தப்போக்கால் சாவு. அறுத்தால் தொற்றுக்கு அஞ்சும் வாழ்வு. இவ் இரண்டுக்கும் நடுவே வழி உண்டா? அவ் வழி கனடாவின் டொரண்டோ நகரத்துக் குழந்தைகள் மருத்துவமனையில் புலப்பட்டது. மண்ணீரல் கிழிந்ததாக ஐயுறப்பட்ட சில குழந்தைகள் அறுவையின்றியே நலம்பெறுவதை அங்கிருந்த மருத்துவர்கள் கவனித்து வந்தனர். இந்தியாவிலிருந்து அங்குச் சென்று பணியாற்றிய உபாத்யாயா என்னும் இளம் அறுவை மருத்துவரும், சிம்ப்சன் என்பவரும், மண்ணீரற் காயமுற்ற 52 குழந்தைகளின் பதிவேடுகளை ஆராய்ந்து 1968-இல் கட்டுரை வெளியிட்டனர். வயிற்றைத் திறந்து பார்த்தபோது பல குழந்தைகளிடம் இரத்தப்போக்கு முன்னமே தானாக நின்றுபோயிருந்தது என்பது அவர்கள் எடுத்துக்காட்டிய முதன்மையான உண்மை. நின்றுபோன இரத்தத்தை நிறுத்துவதற்காகவே ஓர் உறுப்பு எடுக்கப்பட்டு வந்தது!

இக் கருத்துக்கு எதிர்ப்பு எளிதில் ஓயவில்லை. "காத்திருப்பது சூதாட்டம்" என்றே பலர் எண்ணினர். உபாத்யாயா தாயகம் திரும்பி, தில்லியிலுள்ள அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தில் பேராசிரியராய் விளங்கினார். குரங்குகளின் மண்ணீரலில் உண்டான காயங்கள் தாமே ஆறுவதை அவரும் அவருடைய துணைவர்களும் ஆராய்ந்து 1979-இல் வெளியிட்டனர். நம் பாட்டனார் காலத்தில் ஆசிரியரை உபாத்தியாயர் என்றே அழைப்பர். பெயருக்கேற்ப, உலகத்துக்கே ஒரு பாடம் சொன்னார் அவர். எதிர்ப்பாளர்களையும் நாம் குறைத்து மதிப்பிடலாகாது. உள்ளே என்ன நிகழ்கிறது என்று காணமுடியாதபோது காத்திருக்க அஞ்சியது அறியாமையன்று, பொறுப்புணர்ச்சியே. பொறுமை பயன்தர வேண்டுமானால் அதற்குப் பார்வை வேண்டும்.

அப் பார்வை படிப்படியாகக் கிட்டியது. 1906-இலேயே சாலமன் என்பவர், வயிற்றில் ஊசி செலுத்தி உறிஞ்சி, இரத்தம் வருகிறதா என்று பார்க்கும் முறையைக் கூறியிருந்தார். 1965-இல் அமெரிக்காவில் ரூட் என்பவரும் அவர் குழுவினரும், மெல்லிய குழாய் வழியே வயிற்றறைக்குள் உப்பு நீரைச் செலுத்தி, மீண்டும் வெளியே வடித்துச் சோதிக்கும் முறையை வகுத்தனர். இரத்தம் இருப்பதை இது மிக நுட்பமாகக் காட்டியது. ஆனால் எங்கிருந்து வந்தது, இன்னும் வருகிறதா, நின்றுவிட்டதா என்பதைக் காட்டவில்லை. ஆகவே வீணான அறுவைகளும் நிகழ்ந்தன. 1971 அக்டோபர் 1-இல் இலண்டனை அடுத்த விம்பிள்டனில், ஹௌன்ஸ்ஃபீல்டு என்னும் பொறியாளர் அமைத்த கருவியால் நோயாளி ஒருவரின் மூளை முதன்முதலாகக் குறுக்குவெட்டுப் படமாக எடுக்கப்பட்டது. அதுவே சி.டி. ஸ்கேன். அடுத்த சில ஆண்டுகளில் அஃது உடல் முழுவதையும் காட்ட வல்லதாயிற்று. 1979-இல் அவருக்கும் கார்மக் என்பாருக்கும் நோபெல் பரிசு வழங்கப்பட்டது. கத்தியின்றி வயிற்றைத் திறந்து பார்ப்பது போன்றதொரு காட்சி மருத்துவருக்குக் கிடைத்தது.

கண்டதை அளந்து கூறவும் ஒரு மொழி வேண்டுமல்லவா? 1989-இல் அமெரிக்க அறுவை மருத்துவர் குழு ஒன்று மண்ணீரற் காயங்களை ஐந்து படிகளாக வகுத்தது. சிறு கீறல் முதற்படி. சிதறிப்போன மண்ணீரல் ஐந்தாம் படி. இதனிடையே 1981-இல் நியூயார்க்கைச் சேர்ந்த ஸ்கிளாஃபானி, தொடையின் இரத்தக்குழாய் போன்றதொரு வழியில் மெல்லிய குழாயைச் செலுத்தி, மண்ணீரலுக்குச் செல்லும் நாடியை அடைத்து இரத்தத்தை நிறுத்தும் முறையை விளக்கினார். பிரேசில் நாட்டின் கம்போஸ் கிறிஸ்டோ என்பவரோ, காயமுற்ற பகுதியை மட்டும் அறுத்தெடுத்து எஞ்சியதைக் காக்கலாம் என 1962-இலேயே காட்டியிருந்தார்.

இவையனைத்தும் சேர்ந்து இன்றைய முறையை உருவாக்கியுள்ளன. வயிற்றில் அடிபட்டவர் மருத்துவமனையை அடைந்ததும் அவருடைய மூச்சு, நாடி, இரத்த அழுத்தம் ஆகியவையே முதலில் கவனிக்கப்படுகின்றன. படுக்கையருகிலேயே ஒலியலைக் கருவியால் வயிற்றறையில் இரத்தம் உள்ளதா என்று பார்க்கிறார்கள். இரத்தம் ஏற்றியும் அழுத்தம் நிலைகொள்ளாமல் சரிந்துகொண்டே போனால், காலம் கடத்தாமல் வயிற்றைத் திறக்கிறார்கள். அழுத்தம் நிலையாக இருந்தால் சி.டி. ஸ்கேன் எடுத்து, காயத்தின் படியையும், பிற உறுப்புகளின் நிலையையும் அறிகிறார்கள். பின்னர் படுக்கையில் ஓய்வு. அடிக்கடி நாடிச் சோதனை. மீண்டும் மீண்டும் இரத்தச் சோதனை. எந்த நேரத்திலும் அறுவைக்கு ஆயத்தம். இவ்வாறு நிலைகொண்ட குழந்தைகளுள் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் கத்தியின்றியே குணமடைகின்றனர். முதியோரிடமும் இம்முறை பெரும்பாலும் பின்பற்றப்படுகிறது. எடுத்தேயாக வேண்டியவர்களுக்குத் தடுப்பூசிகள் உண்டு. எனினும், எப்பொழுது காய்ச்சல் வந்தாலும் தாமதியாமல் மருத்துவரிடம் செல்லவேண்டும் என்பதும் அவர்களுக்குக் கற்பிக்கப்படுகிறது.

காத்திருத்தல் என்பது சும்மா இருத்தலன்று என்பதை நான் அம் மருத்துவமனையின் தாழ்வாரத்தில் கண்டேன். அன்றிரவு முழுவதும் செவிலியர் ஒருவர் மணிக்கொரு முறை வந்து நாடியை எண்ணி எழுதினார். மருத்துவர் இருமுறை வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். இரத்தப் புட்டிகள் ஆயத்தமாக இருந்தன. மூன்றாம் நாள் பையன் கஞ்சி கேட்டான். அவன் தந்தையார் என்னைப் பார்த்துச் சிரித்தார். என் கண்கள் நிறைந்துவிட்டன. பத்தாம் நாள் வீடு திரும்பினான். மூன்று திங்கள் கபடி ஆடலாகாது என்பது மருத்துவர் கட்டளை. மைதானத்தின் ஓரத்தில் அமர்ந்து அவன் ஆட்டத்திற்குப் புள்ளிக் கணக்கு எழுதினான்.

அன்பார்ந்த மாணவர்களே! ஒரு சிறிய உறுப்பின் வரலாறு இது. "பயனில்லை" என்று கருதப்பட்டதற்குப் பயன் உண்டு என்று அறிய ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் ஆயின. அறுக்கக் கற்பதற்கு ஒரு நூற்றாண்டு. அறுக்காமலிருக்கக் கற்பதற்கு மற்றொரு நூற்றாண்டு. இரண்டும் அறிவே. ஆனால் இரண்டாவது கல்வி, முதற் கல்வியைத் துறக்கும் துணிவையும் கேட்டது.

உங்களுக்கு ஒரு வேண்டுகோள். மிதிவண்டியிலிருந்து விழுந்தாலும், விளையாட்டில் முழங்கை விலாவில் பட்டாலும், மரத்திலிருந்து சறுக்கினாலும், காயம் தெரியவில்லை என்று மறைக்காதீர்கள். வயிற்று வலி, தோள் வலி, தலைச்சுற்றல், முகவெளுப்பு இவற்றுள் எது தோன்றினாலும், அன்றாயினும் சில நாட்கள் சென்றாயினும், பெரியவர்களிடம் சொல்லுங்கள். எங்கே விழுந்தீர்கள், எங்கே அடிபட்டது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சுளுக்கு என்று சொல்லி அவர்கள் அனுப்பிவிட்டால், மறுபடியும் சொல்லுங்கள். ஆசிரியர் பெருமக்களுக்கும் என் வேண்டுகோள் அதுவே: பிள்ளை வலி என்று வந்து நிற்கும்போது, வலிக்கும் இடத்தை மட்டும் பார்க்காதீர்கள், அவன் விழுந்த கதையையும் கேளுங்கள். நான் அன்று கேட்கவில்லை. அன்று கேளாததை இன்று உங்களுக்குச் சொல்லிவிட்டேன்.